நீர் தாங்கும் பாரம்



நாம் இன்று பேசப் புகுவது இயந்திரத்திற் சுழலும் தண்டைத் தாங்கி நிற்கும் பேரிங் பற்றியதாகும். எண்ணெய் விடும் இடத்தில் தண்ணீரை விட்டால் அது ஓடுமா என்பதே கேள்வி. இதனை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெறுவோர் உலகில் உளர். தண்ணீரில் என்ன ஆராய்ச்சி என்று சிலர் நகைக்கலாம். தீவகத்தாராகிய நாம் நகைத்தல் ஆகாது.

நமது நன்னீரின் நிலையை நோக்குவோம். நெடுந்தீவாயினும் நயினாதீவாயினும், மழைநீரானது நிலத்தின் கீழே மெல்லிய வில்லைபோல உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தாற் சவர் ஏறும். எண்ணெய் சிந்தினால் சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே கிணற்றைச் சேரும். குடாநாட்டிற் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்து மக்கள் பட்ட அவதியை நாம் அறிவோம். அவ்வழக்கில் நட்டஈடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டிற் பணித்தது. நட்டஈடு நியாயமே, ஆனாற் பழுதான கிணற்றை அது உடனே திருத்தித் தருமா?

தொழிற்சாலைகளிற் காற்றை அமுக்கும் கொம்பிரசரை எடுத்துக்கொள்வோம். எண்ணெய் இட்டு ஓடும் கொம்பிரசரிற் காற்றின் ஈரம் நீராகி, எண்ணெயோடு கலந்து வடிகின்றது. அதைப் பிரித்தெடுக்காமல் நிலத்தில் விடுதல் தகாது. மருந்தும் உணவும் செய்யுமிடங்களிலோ காற்றிலும் எண்ணெய் சேரலாகாது. ஆதலால் எண்ணெய்க்குப் பதிலாகத் தண்ணீரையே உட்செலுத்தும் கொம்பிரசர்களைச் செய்தனர். எனினும் அவற்றுட் பலவற்றிற் பேரிங்கிற்கு மட்டும் எண்ணெயோ கிறீசோ வேண்டியிருக்கின்றது. அதனையும் நீக்குவதே இவ்வாராய்ச்சியின் நோக்கம்.

இது புதுமையான எண்ணமன்று. நீராவிக் கப்பல்களிற் சுழலித் தண்டைத் தாங்கிய உலோகப் பேரிங்குகள் விரைவில் தேய்ந்தபோது, இங்கிலாந்துப் பொறியியலாளர் ஜோன் பென் 1854இல் இலிக்னம் வைற்றே என்னும் வன்மரக் கீற்றுகளைப் பதித்தார். நீரில் அமிழும் பாரமுள்ள அம்மரத்திற் பிசின் இயல்பாகவே உண்டு. கீற்றுகளின் இடையே ஓடிய கடல்நீரே உராய்வைக் குறைத்தது.

இதன் தத்துவம் பின்னரே தெளிவாயிற்று. 1883 அளவில் பீச்சம் ரவர் என்பவர் பேரிங்கின் மேற்புறத்தில் துளையிட்டபோது, எண்ணெய் மேலே பொங்கி வந்தது. அடைப்பான் வைத்து அடைத்தார், அதையும் தள்ளியது. சுழலும் தண்டு, ஒடுங்கிச் செல்லும் இடைவெளிக்குள் திரவத்தை இழுத்துச் செல்ல, அங்கே அமுக்கம் உயர்ந்து தண்டையே தூக்கிவிடுகின்றது. 1886இல் ஒஸ்போண் ரெனோல்ட்ஸ் இதனைக் கணிதமாக வகுத்தார்.

அப்படியாயின் தண்ணீருக்கு வந்த தடை யாது? அதன் பாகுநிலை இயந்திர எண்ணெயினதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கே. ஆகவே தண்டைத் தூக்கும் நீர்ப்படலம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திற் சில பங்கு கனமே இருக்கும். ஒரு மணற்றுகள் போதும், அதைக் கெடுப்பதற்கு. ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் படலம் இல்லாமையால் தண்டு பேரிங்கில் உரசும். இரும்பாயின் துருவேறும். எனவே எப்பொருளாற் பேரிங் செய்வது, தவாளிப்பை எங்கே வெட்டுவது, இடைவெளி எவ்வளவு விடுவது என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கவேண்டும். பொறுமையின்றி இது கைகூடாது. தண்ணீருக்கோ ஒரு சிறப்புண்டு. எண்ணெயிலும் நன்றாக வெப்பத்தை ஏற்றுச்செல்லும்.

வாலிப அன்பர்களே, பேராதனையிலும் மொறட்டுவையிலும் பொறியியல் கற்கலாம். கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் உண்டு. பட்டம் பெற்று உத்தியோகம் தேடுவதோடு நில்லாது, நம்மூர்க் கிணற்றை மனத்திற்கொண்டு ஆராயப் புகுவோர் நம்மிடையேயிருந்து எழவேண்டும். நல்ல தண்ணீரின் அருமை நமக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? அதைக் காக்கும் இயந்திரத்தை ஆக்கும் கடமையும் நமக்கு உண்டு. நயினை நாகபூஷணி அம்மையின் திருவருள் துணைநிற்பதாக.