எலுமிச்சம்பழமும் பிரேக்கும்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



"சாமி கும்பிடுகிறவன் பகுத்தறிவாளனாக இருக்க முடியுமா?" ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் ஆறிப்போகும்வரை நாம் சண்டை போட்ட கேள்வி இது. இன்னும் தீர்ந்தபாடில்லை.

1979-இல் இயற்பியல் நோபல் பரிசு மூவருக்குக் கிடைத்தது. ஒருவர் அப்துஸ் சலாம். பரிசு விருந்தில் குர்ஆன் வசனம் சொல்லிப் பேசியவர். இன்னொருவர் ஸ்டீவன் வைன்பர்க்; கடவுள் நம்பிக்கை அறவே இல்லாதவர். இருவரும் தனித்தனியே ஆராய்ந்து ஒரே கோட்பாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அது சொன்ன டபிள்யூ, இசட் துகள்களை 1983-இல் செர்ன் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்தது. துகள்கள் யாருடைய மதத்தையும் விசாரிக்கவில்லை!

அப்படியானால் தகராறே கிடையாதா? உண்டு. 1995 செப்டம்பர் 21 அன்று, பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று நாடே கோயில் வாசலில் நின்றது. விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து காட்டினார்கள். பரப்பு இழுவிசையால் ஸ்பூனை விட்டு வெளியேறிய பால், சிலைமேல் மெல்லிய படலமாக வழிந்தது தெரிந்தது. பிள்ளையார் உண்டா, இல்லையா என்று சாயம் சொல்லவில்லை. பால் எங்கே போனது என்று மட்டும் சொன்னது.

இன்னது நடக்கும் என்று ஒரு நம்பிக்கை சொன்னால், அதை அளந்து பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். துக்கத்தை எப்படித் தாங்குவது என்பதை எந்த மல்டிமீட்டரில் அளப்பது?

"அளக்க முடியாத இடமாகப் பார்த்து ஒதுங்குவது தப்பித்தல்தானே?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். அளக்க முடியாததாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. ஆகவே நம்புகிறவருக்கு அதை அடுத்தவர்மேல் திணிக்க உரிமையில்லை.

ஆயுத பூஜையன்று லேத்துக்குப் பொட்டு வைக்கிறோம். மெஷின் நின்றுபோனால் ப்யூஸைத்தான் பார்க்கிறோம். லாரிக்காரர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கட்டும், மனசுக்குத் தெம்பு. ஆனால் பிரேக்கைப் பார்க்காமல் கிளம்பினால், எதிரே சைக்கிளில் வருகிறவன் உயிரல்லவா போகும்?

நமது அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு மதச் சுதந்திரத்தை உரிமையாகத் தருகிறது. 1976-இல் சேர்க்கப்பட்ட 51ஏ பிரிவு, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதைக் கடமையாகச் சொல்கிறது. இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன.

தம்பி, தங்கைகளே! கும்பிடுகிறவர் கும்பிடுங்கள், வேண்டாதவர் விடுங்கள். டிராயிங்கில் கையெழுத்துப் போடுமுன் மட்டும், எல்லோரும் கணக்கை இன்னொரு முறை சரிபாருங்கள்.