பட்டறைத் தளம்

வீட்டு விறாந்தைக்கு அழகு தரும் வழுவழுப்பான சீமெந்துத் தளம் பட்டறைக்கு ஏற்றதன்று. எண்ணெய் சிந்தினால் கால் வழுக்கும். சுழலும் வாளின் அருகே வழுக்குபவனின் கை எங்கே சென்று விழும் என்பதை யார் அறிவார்?

ஆதலின், கொங்கிறீற்றின் மேலூறிய நீர் வற்றியபின், அது இறுகுமுன், தும்புத்தடியால் ஒரே திசையில் மெல்ல வரியிடுதல் நன்று. நீரை வற்றச்செய்ய உலர்ந்த சீமெந்தைத் தூவுதல் கூடாது. தூவினால் மேற்பரப்புப் பின்னர் தூளாய் உதிரும். நனைத்த சாக்குகளால் 7 நாளேனும் மூடிவைத்தல் வேண்டும்.

வர்ணப்பூச்சு, அடியிலிருந்து ஏறும் ஈரத்தால் உரியக்கூடும். சிலிக்கேற்றுக் கரைசலோ கொங்கிறீற்றினுள் ஊறி, அங்குள்ள சுண்ணத்தோடு கூடி இறுகும், உரிவதற்குப் படலமில்லை. வரிகள் ஆழமாயின் இரும்புத்தூளும் எண்ணெயும் அவற்றில் தங்கிவிடும். ஆதலால், கால் பற்றுமளவிற்கு வரியிட்டாற் போதும், மிகுதி வேண்டா.