தேய்ந்த கைக்கு யார் பொறுப்பு?

(விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலாளர்களிடையே செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கைவலி. இதுவும் ஒரு பிரசங்கத்துக்குரிய சங்கதியா என்று சிலர் நினைக்கலாம். கையை நம்பிப் பிழைக்கிறவர்களுக்குக் கையைவிடப் பெரிய சங்கதி வேறென்ன இருக்கிறது என்று கேட்கிறேன்.

இவ்வூரிலிருந்து பொம்மையும், கோப்பையும், மின்சார பியூஸ் கட்டையும் வெளியூர் போகின்றன. மண் குழம்பை அச்சில் ஊற்றுவது, அச்சைப் பிரிப்பது, பிசிறு சீவுவது, வண்ணம் தீட்டுவது, சூளையில் அடுக்குவது ஆகிய இவ்வளவும் கைவேலை. ஒரே அசைவைக் காலை முதல் மாலை வரை, வருஷக்கணக்காகச் செய்யவேண்டும். மண் எத்தனை சூட்டைத் தாங்கும் என்று கற்றுக்கொடுக்க இங்கே அரசு பீங்கான் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மனிதன் கை எத்தனை அசைவைத் தாங்கும் என்று பட்டறையில் யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

மணிக்கட்டில் ஒரு குறுகிய வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் தசைநார்களும் ஒரு நரம்பும் அதற்குள்ளே சேர்ந்து போகின்றன. ஓயாத அசைவால் நார்களைச் சுற்றிய உறை வீங்கினால் நரம்பு நசுங்குகிறது. முதலில் இரவில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகும். பிறகு பிடித்த பொருள் நழுவும். கவனிக்காமல் விட்டால் கட்டைவிரல் அடியிலுள்ள சதையே வற்றிவிடும்.

இதற்கு நம் ஜனங்கள் சொல்லும் காரணம் வாயு, வயது, தலைவிதி என்பவையாகும். அப்படியானால் இந்த விதி சுமைகாரனுக்கு முதுகிலும், எழுத்து வேலைக்காரனுக்கு விரலிலும், பிசிறு சீவுகிற பெண்ணுக்கு மணிக்கட்டிலும் வருவானேன்? செய்கிற தொழிலைப் பார்த்து இடம் தேடி வருகிற ஒன்றுக்கு வேலையின் விளைவு என்று பெயரே ஒழிய, விதி என்று பெயரல்ல.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. இத்தாலி தேசத்து வைத்தியர் ரமசீனி 1700-இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மெருகு பூசும் ஈயத்தால் குயவர் கை நடுங்குவதை அதில் எழுதினார். 1713-இல் சேர்த்த பகுதியில், ஓயாமல் எழுதுவதால் எழுத்தர் கை சோர்வதையும் எழுதினார். இங்கிலாந்தில் 1908-லேயே தந்தி அடிப்பவரின் கைப்பிடிப்பு நஷ்டஈட்டுக்குரிய நோயாக ஏற்கப்பட்டது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2010-இல் திருத்திய தொழில் நோய்ப் பட்டியலில் மணிக்கட்டு நரம்பு நசுங்கலைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

நம் நாட்டு நிலைமை என்ன? 1923-இல் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. 1948-இல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. இரண்டையும் தன்னுள் அடக்கிய 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. அதன் தொழில் நோய் அட்டவணையில் ஈய விஷம் உண்டு. சிலிக்காத் தூசியால் வரும் நுரையீரல் நோய் உண்டு. ஓயாத அசைவால் கெட்ட மணிக்கட்டுக்குப் பெயர் இல்லை. பட்டியலில் இல்லாததை வேலையில் நேர்ந்த காயம் என்று தொழிலாளியே மெய்ப்பிக்கவேண்டும். சூளைக் கல் விழுந்து விரல் நசுங்கினால் அது ஒரு நிமிஷத்துச் சங்கதி. எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பத்து வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்த கை யார் கண்ணுக்குத் தெரியும்?

இதனால் வரும் நஷ்டம் சொற்பமல்ல. இ.எஸ்.ஐ. திட்டத்தில் சாதாரண நோய் என்றால் கூலியில் 70 சதவிகிதம்; அதுவும் வருஷத்தில் 91 நாளுக்கே. வேலையால் வந்த தற்காலிக ஊனம் என்று ஏற்கப்பட்டாலோ, ஊனம் நீடிக்கும்வரை 90 சதவிகிதம். ஆகவே வைத்தியர் எழுதுகிற ஒரு வரியில் ஒரு குடும்பத்தின் சோறு அடங்கியிருக்கிறது.

வேலை நிலைக்குமா என்பது அடுத்த கேள்வி. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 20-வது பிரிவு, சர்க்கார் ஊழியர் உத்தியோகத்திலிருக்கும்போது ஊனமுற்றால் அவரை நீக்கக்கூடாது, அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்றவேண்டும் என்கிறது. மிக நல்ல விதி. ஆனால் அது சர்க்கார் ஸ்தாபனத்தோடு நின்றுவிடுகிறது. ஆபீஸில் பேனா பிடிக்கும் கை மனிதக் கை, பட்டறையில் அச்சுப் பிடிக்கும் கை மட்டும் மரக்கையா?

முதலாளிகள் சிலர், “வேலை செய்ய முடியாதவருக்கு நாங்கள் எப்படிக் கூலி கொடுப்பது? சிறு பட்டறை தாங்குமா?” என்கிறார்கள். அச்சு உடைந்தால் புது அச்சு வாங்குகிறீர்கள். சூளை விரிந்தால் பூசுகிறீர்கள். அதெல்லாம் தொழிற்செலவு என்று கணக்கில் ஏறும்போது, கை தேய்ந்த செலவை மட்டும் தொழிலாளி வீட்டுக் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்? வேலையை மாற்றி மாற்றிக் கொடுப்பதற்கும், இடையிடையே ஓய்வு விடுவதற்கும் பெரிய முதல் தேவையில்லை.

தோழர்களே! விரல் மரத்த முதல் வாரத்திலேயே வைத்தியரிடம் போங்கள். “கை வலிக்கிறது” என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன வேலை, ஒரு நாளைக்கு எத்தனை உருப்படி, எத்தனை வருஷம் என்று சொல்லி அதைச் சீட்டில் எழுதச் செய்யுங்கள். முதலாளிக்கு எழுத்து மூலம் தெரிவித்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயர் இ.எஸ்.ஐ.யில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பத்துப் பேருக்குக் குறைந்த இடமென்று அதில் சேர்க்கவில்லையானாலும், இயந்திர சக்தியால் நடக்கும் பட்டறையில் வேலையில் நேர்ந்த காயத்துக்கு நஷ்டஈட்டுப் பொறுப்பு முதலாளியுடையது. யார் சொன்னாலும், நீங்களாக வேலையை விட்டதாக எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

தனியாக ஒருவர் கேட்டால் அது பிச்சையாகத் தோன்றும். எல்லோரும் சேர்ந்து கேட்டால்தான் பாத்தியதை என்று விளங்கும். அட்டவணையில் புது நோயைச் சேர்க்கச் சர்க்காருக்கு அதிகாரமிருக்கிறது. கைநோயைச் சேர், கை கெட்டவருக்கு அதே கூலியில் மாற்று வேலை கொடு என்று சங்கம் கூடித் தீர்மானம் போட்டு அனுப்புங்கள். கோப்பையில் கீறல் கண்டால் உடனே எடுத்துக்காட்டுகிற நீங்கள், உங்கள் கையில் கண்ட கீறலை இனி மறைக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.