பேச்சு பிறவி வரமல்ல

(மாணவர்களும் உத்தியோகஸ்தர்களும் கூடிய ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் "சபையில் விஷயத்தை எடுத்துச் சொல்லுவது எப்படி" என்பதாகும். சபை என்றால் தேர்தல் மேடையல்ல. கல்லூரியில் ஆசிரியர்கள் முன் தன் ஆராய்ச்சியைச் சொல்லுவதையும், காரியாலயத்தில் மேலதிகாரிகள் முன் ஒரு திட்டத்தை விளக்குவதையும் பற்றியே கேட்கிறீர்கள். கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர்கள் என்னிடம் சொன்னது இதுதான்: "எங்களில் அநேகர் நன்றாய்ப் படிக்கிறோம், வேலையும் செய்கிறோம். எழுந்து நின்று சொல் என்றால் மட்டும் நாக்கு ஒட்டிக் கொள்ளுகிறது. அரைகுறையாய்த் தெரிந்தவன் தடபுடலாய்ப் பேசி நல்ல பேர் வாங்கிக் கொண்டு போய்விடுகிறான்."

இது அற்ப சங்கதியல்ல. ஒரு குடும்பத்தில் முதன் முதலாய்க் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளை, பத்து நிமிஷம் பேசத் தெரியாத காரணத்தால் தான் நான்கு வருஷம் பாடுபட்டதன் பலனை இழக்கிறான் என்றால், அது எவ்வளவு பெரிய நஷ்டம்! அதைவிடப் பெரிய நஷ்டம், "எனக்கு அந்த வரமில்லை" என்று அவன் தன்னைத்தானே தாழ்த்திக் கொள்ளுவதாகும்.

வரம் என்பது உண்மையா?

"சிலர் நாவில் சரஸ்வதி குடியிருக்கிறாள்" என்கிறார்கள். குடியிருக்கட்டும். ஆனால் நம் ஊர்ச் சந்தையில் கத்தரிக்காய் விற்கும் அம்மாளைப் பாருங்கள். சரக்கின் குணத்தையும், விலையையும், அடுத்த கடையைவிடத் தன்னுடையது எதனால் மேல் என்பதையும் நாலு வார்த்தையில் சொல்லி விற்றுவிடுகிறாள். அதே அம்மாளை ஓர் அதிகாரி முன் நிறுத்தினால் பேச்சு வருவதில்லை. நாக்கு மாறிப் போயிற்றா? இல்லை. சந்தையில் பழக்கம் இருக்கிறது, பயமில்லை. அதிகாரி முன் பயம் இருக்கிறது, பழக்கமில்லை. இவ்வளவுதான் வித்தியாசம். பழக்கத்தால் வரக்கூடியதை வரம் என்று சொல்லுவது, அதைச் சிலருக்கே சொந்தமாக்கிவிடுவதாகும்.

கொல்லர் மகன் கற்ற விதம்

மைக்கேல் பாரடே என்ற பெயரை விஞ்ஞானம் படித்தவர்கள் அறிவார்கள். 1791-ல் இங்கிலாந்தில் ஒரு கொல்லருக்குப் பிறந்தவர். பள்ளிப் படிப்பு சொற்பம். 14 வயதில் புஸ்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகப் போனார். பைண்டுக்கு வந்த புஸ்தகங்களைப் படித்தே அறிவை வளர்த்துக் கொண்டார். 1812-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி செய்த பிரசங்கங்களைக் கேட்டு, குறிப்பெழுதி, அதைத் தன் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கே அனுப்பினார். 1813-ல் அங்கே உதவியாளாய் வேலை கிடைத்தது.

அந்த வருஷமே அவர் செய்த காரியம் ஒன்று நம் கவனத்துக்குரியது. மேடையில் பேசுகிறவர்களை உட்கார்ந்து கவனித்து, எது நன்றாயிருந்தது, எது கெட்டுப் போயிற்று என்று ஒரு நண்பருக்குக் கடிதங்களாய் எழுதினார். மண்டபத்தில் காற்றோட்டம், பேசுகிறவர் நிற்கும் நிலை, குரலின் வேகம், காட்டும் கருவிகளின் அளவு எல்லாவற்றையும் ஆராய்ந்தார். ஒரு மணிக்கு மேல் யாரும் பேசக் கூடாது என்பது அவர் முடிவு. பின்பு பேச்சுக்கென்றே ஓர் ஆசிரியரிடம் பாடம் கேட்டார். தம் பிரசங்கத்தில் ஒரு நண்பரை உட்காரவைத்துக் குற்றங்களைக் குறித்துத் தரச் சொன்னார். பேச்சு வேகமானால் "மெதுவாக" என்றும், மணி நெருங்கினால் "நேரம்" என்றும் எழுதிய அட்டைகளைத் தம் கண்ணுக்குத் தெரியும்படி வைக்கச் செய்தார்.

இப்படிப் பழகியவர்தான் பின்னாளில் ஒரு மெழுகுவர்த்தியைக் கையில் எடுத்துக் கொண்டு, அது எரியும் ரசாயனத்தை ஆறு பிரசங்கங்களில் சிறுவர்களுக்கு விளங்க வைத்தார். 1861-ல் புஸ்தகமாக வந்த அந்தப் பிரசங்கங்களை இன்றும் படிக்கிறார்கள். எந்த வரம் அவருக்கு வந்தது? தன் குற்றத்தைப் பிறர் சொல்லக் கேட்கும் தைரியம் வந்தது. அவ்வளவுதான்.

மூடிச் சொன்னதன் விளைவு

"பேச்சு வெறும் அலங்காரந்தானே, சரக்கு நன்றாயிருந்தால் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். அதற்கும் ஓர் உதாரணம் சொல்லுகிறேன்.

2003 ஜனவரி 16-ல் அமெரிக்காவின் கொலம்பியா விண்வெளி ஓடம் புறப்பட்டது. அதில் சென்ற ஏழு பேரில் நம் நாட்டின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லாவும் ஒருவர். கிளம்பி இரண்டு நிமிஷத்துக்குள் வெளித் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பிய்ந்து இடது இறக்கையில் மோதிற்று. ஓடம் மேலே சுற்றிக் கொண்டிருக்கும்போதே, இதனால் ஆபத்துண்டா என்று எஞ்ஜினீயர்கள் கணக்குப் பார்த்து, ஸ்லைடுகளாய்த் திரையில் போட்டு மேலதிகாரிகளுக்குக் காட்டினார்கள்.

அவற்றில் ஒரு ஸ்லைடின் தலைப்பைப் பார்த்தவர்களுக்குக் கவலைப்பட வேண்டியதில்லை என்றே தோன்றும். அடியில், சின்ன எழுத்தில், கடைசி வரியாகத்தான் உண்மை இருந்தது. முன்பு பரீட்சித்துப் பார்த்த துண்டு 3 கன அங்குலம். மோதிய துண்டோ 1920 கன அங்குலம் என்று மதிப்பிடப்பட்டது. அதாவது 640 மடங்கு! பழைய பரீட்சை இதற்குச் சாட்சியாகவே நிற்காது என்பதுதான் அதன் அர்த்தம். தலைப்பில் பெரிதாய்ப் போட வேண்டிய சங்கதி காலடியில் கிடந்தது. "குறிப்பிடத்தக்க" என்ற பொருள்பட ஒரே சொல்லை அந்த ஒரு ஸ்லைடில் ஐந்து தடவை போட்டிருந்தார்கள். எவ்வளவு என்பது அதனால் விளங்கவில்லை.

பிப்ரவரி 1-ல் திரும்பும் வழியில் ஓடம் சிதறி ஏழு பேரும் மாண்டார்கள். அந்த ஆகஸ்டில் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை இந்த ஸ்லைடையே அச்சிட்டு, இதைப் படித்த மேலதிகாரிக்கு உயிராபத்து என்று தோன்றாமல் போனதில் ஆச்சரியமில்லை என்று குறை கூறிற்று. ஸ்லைடுதான் அவர்களைக் கொன்றது என்று நான் சொல்ல வரவில்லை. இறக்கையைப் படம் பிடித்துப் பார்க்கவேண்டுமென்று எஞ்ஜினீயர்கள் கேட்டும் மேலே அது நடக்கவிடப்படவில்லை. ஆனால் தெரிந்த உண்மையை விளங்கும்படி சொல்லாவிட்டால் அது தெரியாததற்குச் சமானம் என்பதை இதைவிடத் தெளிவாய்க் காட்ட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, எழுந்து நிற்பதற்கு முன் "நான் சொல்ல வந்தது என்ன?" என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையானால் விஷயம் இன்னும் உங்களுக்கே விளங்கவில்லை என்று அர்த்தம். அந்த வாக்கியத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள், முடிவிலும் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஸ்லைடு கேட்கிறவர்களுக்காகவே அன்றி, நீங்கள் பார்த்து வாசிப்பதற்காக அல்ல. அவர்களுக்கும் படிக்கத் தெரியும். ஒரு ஸ்லைடுக்கு ஒரு சங்கதி போதும். தலைப்பில் "முடிவுகள்" என்று போடாமல், முடிவு எதுவோ அதையே போடுங்கள். "அதிகம்", "கணிசம்" என்பவற்றை விட்டு, எண்ணைச் சொல்லுங்கள்.

மூன்றாவது, கடைசி பெஞ்சில் இருப்பவருக்குக் கேட்கும்படி, அவர் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். கொடுத்த நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்பே முடியுங்கள். பிறர் நேரத்தைத் தின்பது மரியாதையல்ல.

நான்காவது, இங்கிலீஷில் பேச நேர்ந்தால் உச்சரிப்புக்காக வெட்கப்படாதீர்கள். சிறு வாக்கியமாய், நிதானமாய்ப் பேசினால் யாருக்கும் விளங்கும். விளங்குவதற்காகத்தான் பாஷையே ஒழிய, வேஷத்துக்காக அல்ல.

ஐந்தாவது, கேள்வி கேட்டால் கோபிக்காதீர்கள். கேள்வி கேட்கிறவர் உங்கள் பேச்சைக் கவனித்தவர். தெரியாததற்குத் "தெரியாது, பார்த்துச் சொல்லுகிறேன்" என்பதில் அவமானம் ஒன்றுமில்லை. தெரியாததைத் தெரிந்ததாய்ச் சொல்லுவதுதான் அவமானம்.

கடைசியாக, இந்த வாசகசாலையிலேயே வாரத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். இரண்டு பேர் பத்துப் பத்து நிமிஷம் பேசட்டும். மற்றவர்கள் முகத்துக்காகப் பாராட்டாமல் குற்றங்களை எழுதிக் கொடுக்கட்டும். "மெதுவாக", "நேரம்" என்று இரண்டு அட்டை எழுத எவ்வளவு செலவாகும்?

தோழர்களே! கேட்பவர்களை மயக்குவதற்காகப் பேசக் கற்றுக் கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. நாம் சொல்லுவதை அவர்கள் நிறுத்துப் பார்த்து, சரி என்றோ தப்பு என்றோ தீர்மானிக்க இடம் கொடுக்கும்படி பேசக் கற்றுக் கொள்ளுங்கள். விளங்காமல் பேசி மதிப்புத் தேடுகிறவன் பிறர் அறிவைக் கட்டிப் போடுகிறான். விளங்கப் பேசுகிறவன் தன் தப்பைக் கண்டுபிடிக்கப் பிறருக்கு வழி விடுகிறான். அந்த யோக்கியப் பொறுப்புக்குத் துணிந்தவர்களுக்குப் பேச்சு தானே வரும். நான் சொன்னதில் தப்பிருந்தால் இப்பொழுதே எழுந்து கேளுங்கள் என்று சொல்லி இத்துடன் முடித்துக் கொள்ளுகிறேன்.