தாளும் திரையும்

தாள் நூலா, மின்னூலா என்னும் விவாதத்துக்குக் கொல்லம், கொச்சி ஆகிய ஊர்களின் அச்சு வரலாறே விடை தருகிறது. அண்டிரிக் அடிகளார் எனப்படும் போர்த்துகீசியப் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்திலும், 'கிரிசித்தியானி வணக்கம்' 1579-இல் கொச்சியிலும் தமிழ் எழுத்தில் அச்சேறின. 16 பக்கமே கொண்ட முன்னதன் அறியப்பட்ட ஒரே படி ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் காக்கப்படுகிறது. கோவாவிலும் கொல்லத்திலும் வார்த்த இருவகை எழுத்துகளும் அதன் இறுதிப் பக்கத்தில் தனித்தனியே காட்டப்பட்டுள்ளன. மின்னுருவாக்கம், அதாவது பக்கங்களைப் படமெடுத்துக் கணினிக் கோப்பாக்கும் முறை, இத்தகைய அரிய நூல்களைக் கொச்சியை அடுத்த கும்பளங்கி என்னும் காயற்கரை ஊரின் வாசகருக்கும் எட்டச் செய்கிறது. எனினும் கோப்புக்கு மின்சாரமும் காலந்தோறும் மறுபதிவும் தேவைப்பட, தாளோ 440 ஆண்டுகளுக்கு மேல் தாங்கியிருக்கிறது. ஆகவே, பரவலுக்குத் திரையையும் நிலைபேற்றுக்குத் தாளையும் சேர்த்துப் பேணுவதே அறிவுடைமை.