துளைத்தண்டின் நடுக்கம்

மாணவ நண்பர்களே, கரும்பலகையில் சுண்ணக்கட்டி கிரீச்சிடும்போது நீங்கள் காதைப் பொத்திக்கொண்டதுண்டு அல்லவா? தலைமையாசிரியனாய் ஓய்வுபெற்ற நான் அவ்வோசைக்குப் பழகியவன். அதன் மூத்த உறவினனைச் சென்ற கோடையில் எங்கள் ராஜகுளத்தில், ஆழ்துளைக் கிணறு போடுமிடத்தில் சந்தித்தேன்.

300 அடிக்குக் கீழே பாறையில் ஒரு வெடிப்பு குறுக்கிட்டது. ராடுகள் உதறின. வண்டியை இயக்கியவர், பாறை கடினம் என்றெண்ணி மேலும் அழுத்தினார். சற்று நேரத்தில் மரையிட்ட மூட்டு ஒன்று முறிந்தது. ஹாமரும் பிட்டும் அடியிலேயே தங்கிவிட்டன. கடன் வாங்கிய உழவருக்கு மிஞ்சியது மூடிபோட்ட ஒரு குழிதான்.

அழுத்தியது ஏன் தவறாயிற்று? வழுக்கிச் செல்லும் பொருளைத் தடுக்கும் உராய்வைவிட, நின்றுவிட்ட பொருளைப் பிடித்துவைக்கும் உராய்வு பெரிது. சுண்ணக்கட்டியை அழுத்திப் பிடித்தால் அது ஒட்டி நிற்கும், விடுபட்டுத் தாவும், மீண்டும் ஒட்டும். அதுவே கிரீச்சொலி. துளையின் அடியிலும் இதுவே நிகழ்கிறது. பிட் சிக்கி நிற்க, மேலே பொறி சுழன்றுகொண்டேயிருக்கும். இடையிலுள்ள தண்டு கயிறு போல் முறுக்கேறும். முறுக்கு மிஞ்சியதும் பிட் விடுபட்டு, மேலே சுழலும் வேகத்தைப்போல் இரு மடங்குக்கும் அதிகமாய்ச் சுழலும்.

எஃகுத் தண்டு முறுக்கேறுமா என்று வியக்கிறீர்களோ? மராட்டிய மாநிலத்தில், 1967 டிசம்பரில் நிலநடுக்கம் கண்ட கொய்னாப் பகுதியில், ஆராய்ச்சிக்காக 2017இல் சுமார் 3,000 மீட்டர் ஆழம் துளையிட்டார்கள். அவ்வளவு நீளமுள்ள ஐந்து அங்குலக் குழாயை ஒரு மில்லிமீட்டர் கம்பியாகச் சுருக்கிக் கற்பனை செய்யுங்கள். கம்பியின் நீளம் ஏறக்குறைய 24 மீட்டர்! அதன் ஒரு நுனியைத் திருகினால் மறுநுனி உடனே திரும்புமா?

அழுத்தம் குறைந்தாலும் தொல்லையே. ஹாமர் பாறைமேல் துள்ளும். வளைந்த ராடு துளையின் சுவரில் மோதும். அதிர்ச்சிகளின் தாளம் தண்டின் இயல்பான அதிர்வோடு ஒத்துவிட்டால், காலமறிந்து தள்ளிய ஊஞ்சல் போல் ஆட்டம் பெருகும். இவற்றையெல்லாம் மூட்டுகளே தாங்க வேண்டும். கம்பியை இப்படியும் அப்படியும் பலமுறை வளைத்து ஒடிப்பீர்களே, அவ்வாறே மரையில் மயிரிழை விரிசல் தோன்றி வளர்கிறது.

அவ்வுழவர் பத்தடி தள்ளி இரண்டாம் துளை போட்டார். இம்முறை வந்தவர் முதியவர். உதறல் கேட்டதும் அழுத்தத்தைத் தளர்த்தி, ராடுகளைச் சற்றே உயர்த்தி, வெடிப்பில் சிக்கிய கற்பொடியைக் காற்றால் ஊதி வெளியேற்றினார். பின்னர் மெல்ல இறக்கினார். ஓசை சீராயிற்று. அன்று மாலை 420 அடியில் ஈரப்பொடி மேலே வந்தது. அதன் பின்னாலேயே நீரும் வந்தது.