வெள்ளையடிக்கிற காசு யார் தலையில்?

சிம்மக்கல் பக்கம் ஒரு வீடு காலியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமான் எல்லாம் குட்டியானையில் ஏறியாச்சு. வீட்டுக்காரர் சுவரைத் தடவிப் பார்க்கிறார். காலண்டர் மாட்டிய ஆணி, அடுப்படியில் தாளித்த கறை. "பெயின்ட்டுக்கு ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்கிறேன்" என்கிறார். குடியிருந்தவரும் தலையாட்டுகிறார். ஊர் வழக்கமாச்சே!

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்குப் பெயின்ட் பூசுவதும் வீட்டுக்காரர் பாடு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச் பழுது குடியிருப்பவர் பாடு. புழங்கித் தேய்ந்தது குற்றமில்லை. உடைத்திருந்தால் கொடுக்கத்தான் வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். பத்து மாதம் என்பது நாமே பழக்கிக்கொண்டது. பாக்கி போக மிச்சத்தைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவேண்டும்.

ஒரு கொக்கி உண்டு. பராமரிப்பும் அட்வான்ஸ் அளவும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரைக்கும்தான் இப்படி. அதனால் பால் காய்ச்ச நாள் பார்க்கும் முன்னே பத்திரத்தை வரிவரியாகப் படியுங்கள். காலி வீட்டின் சுவரை நாலு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.